ஊதக்காவின் முதல் ஆல்பம்

சாக்ஸபோனில் பொருத்தும் நாணல் பட்டையை நாக்குக்கடியில் ஊறவைத்தபடியே லிஃப்ட் கதவின் திருகுகளை முடுக்குகிறார். அந்த நேரத்தில் யார் எது கேட்டாலும் ‘ம்’, ‘ம்ஹூம்’ இரண்டே பதில்.

வயது நாற்பத்து நான்கு. லிஃப்ட் மெக்கானிக். சாக்ஸபோன் ஊதுவதால் வேலை பார்க்கும் கட்டடத்துக்கே ‘ஊதக்கா’. வீட்டில் ஊதினால் கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையை இடிப்பார். “இடிக்கிறதுகூடப் பரவாயில்ல, தாளம் தப்பா இடிக்கிறாரு!” ஆகவே ஒன்பது மாடி அலுவலகம் மாலையில் காலியானதும், லிஃப்டை நிறுத்திவிட்டு அதன் குழிக்குள் இறங்கி ஊதுவார். “இங்க ஊதினா ஒன்பது மாடியும் கூடச் சேர்ந்து பாடுதுங்க.” மெட்டைத் தொட்டுக் காட்டிவிட்டு மீதியை அந்தக் கணத்தில் இட்டுக்கட்டும் ஜாஸ் இசை அது. பதினேழு வருடச் சாதகம்.

முதல் ஆல்பமும் அங்கேதான் பதிவானது. டிரம்ஸ், அவருடைய தம்பி. “மெதுவா அடிடா, லிஃப்ட் அறுந்துடுச்சுன்னு ஓடி வரப்போறாங்க!”

ஆல்ப அட்டையின் மாதிரித் தாளோடு இசைக் கம்பெனிக்காரர் வந்தபோது அக்கா மேல்மாடி இயந்திர அறையில் லிஃப்டின் கம்பிவடத்துக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார்; தம்பியும் கூட இருந்தார். அன்றே கையெழுத்திட வேண்டும்; தவறினால் ஆல்பம் அடுத்த வருடம்தான். பின்னட்டையில், ‘பயிற்சியே இல்லாமல் தெய்வம் தந்த வரம்’ என்று இருந்தது.

“பதினேழு வருஷமா உதடு வெடிச்சது எனக்கா, தெய்வத்துக்கா?”

“மேடம், ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும். மெக்கானிக்குன்னு போட்டா ஒரு மாதிரி இருக்கும்.”

“எந்த மாதிரி? இப்ப எதுல ஏறி வந்தீங்க?”

“படியேறி வந்திருந்தா பொய் சொல்ல மூச்சு இருந்திருக்காதுக்கா” என்றார் தம்பி.

ஒருவர் உழைப்பைப் பிடுங்கி வானத்தின் பேரில் எழுதிவைப்பது பழைய திருட்டு. வழவழப்பான அட்டையில் அச்சிட்டாலும் அது திருட்டுதான்.

அக்கா பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். ‘லிஃப்ட் மெக்கானிக். பதினேழு வருடம், தினமும் இரண்டு மணி நேரப் பயிற்சி’ என்று எழுதினார். கம்பெனிக்காரர் ஓரமாகப் போய் முதலாளியிடம் போனில் கெஞ்சினார், தலையாட்டினார், திரும்பி வந்தார். “சரின்னுட்டாரு மேடம். சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். கீழே கட்டைவிரலின் கிரீஸ் கறுப்பாய் ஒட்டிக்கொண்டது. “ஐயோ, கறை!” என்று கம்பெனிக்காரர் கைக்குட்டையை உருவினார்.

ஊதக்கா தாளைத் தன் பக்கம் இழுத்து, மீதி நான்கு விரல்களையும் நிதானமாக அதன் பக்கத்தில் பதித்தார்.