நூற்றைம்பத்து மூன்றாவது பெட்டி

திங்கட்கிழமை மாலை நானும் அம்மாவும் கலியாணக் கேக் துண்டுகளைத் தங்கநிறத் தாளில் சுற்றிச் சிறு பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தோம். நான் சுற்றினேன். அம்மா அடுக்கினார்.

அம்மாவின் பெயர் யூஜினா. துறைமுக அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வுபெற்ற பின், கொட்டாஞ்சேனை வீட்டில் கேக் செய்தார். யார் நூற்றைம்பது கேட்டாலும் நூற்றைம்பத்து மூன்று கொடுப்பார். பழைய முழுச் செபமாலையில் அத்தனை 'அருள்நிறைந்த மரியே'. ஒரு பெட்டி வைத்தால் ஒரு மன்றாட்டு.

அடுக்கும் முறை அவருடையது. சாப்பாட்டு மேசையின் நீளத்துக்குச் சரியாகப் பதினேழு பெட்டி. அதையொட்டி மேசையிலேயே அடுத்த வரிசையில் பதினாறு, பிறகு பதினைந்து. படிக்கட்டுப் போல ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் உச்சியாக ஒன்று. அந்த ஒன்று வந்துவிட்டால் மொத்தம் 153.

"எண்ணிப் பாத்தீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏன் எண்ண? உச்சி இருக்கா எண்டு பார்."

ஒரே நாளில் இரண்டு கலியாணங்கள் வந்தபோது, இரண்டாவது படிக்கட்டைத் தலைகீழாக முதலாவதோடு பொருத்தினார். வரிசைக்குப் பதினேழு, பதினெட்டு வரிசைகள்; இடைவெளியில்லாத செவ்வகம். அதில் பாதி ஒரு கலியாணத்துக்கு. ஒன்று முதல் பதினேழு வரை கூட்டும் சூத்திரத்துக்கு இதைவிட நல்ல நிறுவலை நான் பார்த்ததில்லை. நான் இரத்மலானையில் இயந்திரப் பொறியியலாளன். அந்தச் செவ்வகத்தின் படம் என் அலுவலக மேசையில் இருக்கிறது.

திங்களன்று நான் அவருக்கு ஒன்று காட்டினேன். மூன்றால் வகுபடும் எந்த எண்ணையும் எடுத்து, இலக்கங்களின் கனங்களை, அதாவது மும்மடிகளை, கூட்ட வேண்டும். வருகிற எண்ணுக்கும் அப்படியே. 3 எடுத்தால் 27. அதிலிருந்து 8உம் 343உம், 351. பிறகு 27, 125, 1, 153. அதற்கப்பால் மாறாது.

அம்மா எங்கள் வீட்டு இலக்கம் 48ஐ எடுத்தார். சுற்றும் தாளின் வெள்ளைப் பக்கத்தில் ஆறு படிகள். 153.

"மூண்டால பிரிபடாட்டி?"

"ஒருநாளும் வந்து சேராதம்மா."

"பாவம். உன்ர ஒஃபீஸ் நம்பர் என்ன?"

"பதினாறு."

"அதுதான் இன்னும் புரமோஷன் வரேல்ல."

கடைசிப் பெட்டிக்கு முன் நிறுத்தினார். கை சோர்கிறது என்றார்.

"உச்சி நாளைக்கு. மறந்திடாத, மகன். யூஜினா ஒண்டு குறைய அனுப்பினவள் எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல."

மறுநாள் காலை அம்மா எழும்பவில்லை.

வியாழன் பொரளையில் அடக்கம். இந்தக் கேக்கைக் கேட்டிருந்த, மணப்பெண் ஷாமிலாவின் தாய் றேணுகா வந்திருந்தார். செத்த வீட்டிலிருந்து கலியாண வீட்டுக்குப் பலகாரம் போவதில்லை. அவர் சொல்லச் சங்கடப்படுவார் என்று நானே தொடங்கினேன்.

"கேக்குக்கு வேற இடத்தில சொல்லுங்க அன்ரி. நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

"மூத்தவளுக்கும் உன்ர அம்மாதான் செய்தவ. இவளுக்கும் அதுதான்." பிறகு தயங்கிக் கேட்டார். "முடிச்சிட்டாவா?"

"ஒண்டு குறையுது."

"எண்ணினியா?"

"தேவையில்ல அன்ரி."

மேசையில் வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறது. நீக்கினால் பதினாறு வரிசைகள். கடைசி வரிசையில் இரண்டு பெட்டிகள், அவற்றுக்கப்பால் வெறும் பலகை. கடைசித் துண்டு டின்னில் இருக்கிறது. அதைச் சுற்ற வேண்டும். ஒரு மன்றாட்டுச் சொல்லி உச்சியில் வைக்க வேண்டும். சனி காலை எல்லாவற்றையும் வெள்ளவத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.