அம்பு ஒட்டிய படங்கள்

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவளுக்குக் கண் ஒரு மாதிரி ஆகிவிடும். சட்டையைக் கையில் எடுத்தால் அழகு தெரியாது. ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்தான் தெரியும். குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி அப்பால் தள்ள வேண்டும். கல்யாணத்துக்குப் போனால்கூட மாப்பிள்ளையின் காலரையே பார்த்துக்கொண்டு நிற்பவள் நான்.

இந்த லட்சணத்தில் எனக்குப் படம் எடுக்கும் ஆசை வேறு. பழைய கேமரா ஒன்றை வாங்கி, வேலம்பாளையத்தில் நாங்கள் குடியிருக்கும் வீதியையே ஞாயிறுதோறும் எடுத்தேன். வேறு எங்கே போவது? அந்த ஒரு நாள் லீவில்தான் துணியும் துவைக்க வேண்டும். பிரிண்ட் போட்டு வாங்கியதும் கை சும்மா இருக்காது. குறுக்கே போகும் மின்கம்பிக்கு ஓர் அம்பு, ஓரத்தில் நுழைந்துவிட்ட யாருடைய கைக்கோ ஓர் அம்பு. ஒரு படமும் தேறவில்லை. இந்த வீதியில் இனி எடுக்க ஒன்றுமில்லை, கேமராவை விற்றுவிடலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மறுநாளே ஆள் பிடித்துவிட்டார். ஞாயிறு சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. சொல்லிவிட்டேனே தவிர, மனசு அடித்துக்கொண்டது.

சனிக்கிழமை ராத்திரி, வீதி முனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் பெண் ஒரு பாத்திரம் கேட்டு வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கம்பெனி வாசலை மிதித்ததே இல்லை. மேசைமேல் கிடந்த படங்களைப் புரட்டியவள் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“எக்கா, இது என் கைதானே? வளையலப் பாத்தாலே தெரியுதே. அம்பு போட்டுல்லா காட்டியிருக்கிய!”

ஆவிக்கு நடுவே இட்லித் துணியை உரிக்கும் கை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் தொழிலில் அம்பு என்றால் ரிஜெக்ட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் போன பிறகு அவளைப் போலவே அம்பு காட்டிய இடத்தை மட்டும் பார்த்தேன். மின்கம்பியில் மஞ்சள் பனியன் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. காற்று எந்தக் கம்பெனியிலிருந்து தூக்கி வந்ததோ! இத்தனை நாள் இது என் கண்ணில் படவே இல்லை.

ஞாயிறு காலையில் துணியை ஊறவைத்துவிட்டு அதே வீதிக்குக் கேமராவோடு போனேன். கம்பியைப் படம் எடுத்தேன். பிறகு இட்லிக் கடைக்குள்ளேயே போய் நின்றுகொண்டேன். சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் வேடிக்கை.

“ஏனுங்க, இட்லி வாங்க வந்தீங்களா, படம் புடிக்க வந்தீங்களா?” என்றார் ஒருவர்.

“ரெண்டுக்குந்தானுங்க.”

கை, முகம், அவள் சிரிப்பு எல்லாம் படத்தில் விழுந்தன. கேமராவிலேயே காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“இத எங்கம்மைக்கு அனுப்பணும்க்கா. நான் இங்க கஷ்டப்படுதேன்னு ஊர்ல அழுதுக்கிட்டே கெடக்கா.”

பிரிண்ட் போட்டுத் தருவதாகச் சொன்னேன்.

சாயங்காலம் கேமரா வாங்க வந்தவருக்குக் காபி கொடுத்து, “மன்னிச்சுக்கோங்க, விக்கறதா இல்லீங்க” என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்காரருக்குக் கோபம்.

“மறுக்காவும் இதே வீதியத்தான எடுப்பே?”

“ஆமாங்க, இதே வீதியத்தான்” என்றேன்.