பூட்டிய பெட்டிக்குள் விரிந்த கொண்டை

போன மார்கழி. ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று தரப் பரிசோதகர். நான் ‘ரிஜெக்ட்’ என்றால் அந்தப் பாகம் சிவப்புப் பெட்டிக்குப் போகும். பெட்டிக்குப் பூட்டு உண்டு. உள்ளே போனது திரும்ப உற்பத்தி லைனுக்கு வரக் கூடாது. சாவி என்னிடம் மட்டும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

வெளியே பனி விலகவில்லை. கண்ணாடிச் சுவரில் மோதி ஒரு பறவை விழுந்தது. மண் நிறம், கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட இறக்கை, நீண்ட அலகு.

“மரங்கொத்தி,” என்றேன். ஷட்டர் வழியே வெளியே போய்த் தொட்டுப் பார்த்தேன். அசைவில்லை. “செத்துப்போச்சு.”

“பூனை தூக்கினு போயிடும் மேடம்,” என்றார் கூட்டிக்கொண்டிருந்த அக்கா.

இடைவேளையில் புதைக்கலாம் என்று, காலியாக இருந்த சிவப்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

“அதையும் ரிஜெக்ட் பண்ணிட்டியா!” என்று அக்கா சிரித்தார்.

சற்று நேரத்தில் மின்சாரம் போனது. எந்திரங்கள் எல்லாம் நின்றன. அந்தக் கூடத்தில் அப்படியொரு அமைதியை நான் கண்டதே இல்லை. அப்போதுதான் கேட்டது, பெட்டிக்குள் சுரண்டும் சத்தம். நின்றது. மறுபடி சுரண்டியது.

அக்காவின் கையிலிருந்த துடைப்பம் நழுவியது. “இன்னா மேடம் அது?”

“எலியா இருக்கும்க்கா.”

“பூட்டுன பொட்டில ஏது எலி? நீதான செத்துப்போச்சுன்ன. செத்தது எப்டி மேடம் சொரண்டும்?”

இடுக்கே இல்லாத இரும்புப் பெட்டி. உயிர் இருந்தால் அதிக நேரம் தாங்காது. இல்லையென்றால்... அந்த நினைப்பை முடிக்காமலே சாவியை நுழைத்தேன்.

மூடியைத் தூக்கினேன். இருட்டில் ஒரு கண். அதற்கு மேலே விசிறி போல ஏதோ மெல்ல விரிந்தது. செம்மஞ்சள், நுனியெல்லாம் கறுப்பு. நான் வைத்த பறவைக்கு இது இல்லை. வேறு எதுவோ உள்ளே வந்து உட்கார்ந்து என்னையே பார்ப்பது போலிருந்தது. சட்டென்று என் காதோரம் உரசி, திறந்திருந்த ஷட்டர் வழியே பனிக்குள் போய்விட்டது.

அன்று மாலை கைபேசியில் தேடித்தான் பெயர் தெரிந்தது: கொண்டலாத்தி. ஊர் அதன் கொண்டையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது. கொண்டையோ பெரும்பாலும் மடிந்தே கிடக்குமாம், திடுக்கிட்டால் விரியும். மடிந்த கொண்டையைப் பார்த்து மரங்கொத்தி என்றேன். மடங்கிக் கிடந்த உடலைப் பார்த்துச் செத்தது என்றேன்.

அது பறவையே இல்லை என்று அக்கா இன்றும் சாதிக்கிறார். நானும் இப்போதெல்லாம் எதையும் சிவப்புப் பெட்டியில் போட்டவுடன் பூட்டுவதில்லை. உள்ளிருந்து ஏதாவது என்னைப் பார்க்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறேன்.