ஐந்தரை விநாடி

கப்பலில் அவரை 'அஞ்சரை' என்றே அழைப்பார்கள். 1957இல் பிறந்தவர், ஒலிக்கருவிப் பொறியாளர். 2017இல் ஓய்வு பெற்றார் என்பது காகிதத்தில் மட்டும்தான்.

நான்காயிரத்து நூறு மீட்டர் ஆழத்தில், நீரின் அழுத்தத்தைப் பதிவுசெய்யும் கருவியொன்றை அவர் இறக்கியிருந்தார். ரேடியோ அலை அவ்வளவு நீரைத் தாண்டாது. ஆகவே ஆண்டுக்கொருமுறை அதற்கு நேர்மேலே கப்பலை நிறுத்தி, ஒலியால் விசாரிக்க வேண்டும். பதில் வர ஐந்தரை விநாடி. பட்டப்பெயர் அப்படி வந்தது.

நீரோட்டம் படாதிருக்கட்டும் என்று பாறைச் சரிவின் அடியை அவரே தேர்ந்தெடுத்திருந்தார். அந்தப் பாறையோ ஒவ்வொரு ஒலியையும் எதிரொலித்தது. புதிய கணினிகள் எதிரொலியையும் தரவென்று வாங்கிக் குழம்பின. இரண்டையும் காதால் பிரித்துக் குமிழைத் திருப்ப அவரால் மட்டுமே முடிந்தது. எனவே பழைய அலுவலகம் ஆண்டுதோறும் அவரை அழைத்துவர ஆள் அனுப்பியது. கருவி மேலே வந்தால் அவரையும் விட்டுவிடுவதாகக் கடைசியில் ஒப்புக்கொண்டது.

"போன தடவையும் கடைசின்னுதான் சொன்னீங்க. பொண்ணு வீட்டுக்குப் பெட்டி கட்டியாச்சு. அதைத் தூக்கிட்டு வாங்க, இல்லன்னா அதோடயே குடித்தனம் பண்ணுங்க," என்றாள் மனைவி.

கப்பலின் எஞ்சின் இரைந்தால் ஒன்றும் கேட்காதென்று அதை அணைத்தார்கள். குளிர்சாதனமும் நின்றது. சன்னலற்ற அறையில், காதுகளை அழுத்தும் ஹெட்போனோடு அவர் வியர்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின்காரர் எட்டிப் பார்த்தார். "வெந்து போறோம் சார். கீழ இருக்கற மாப்பிள்ளை வாயத் திறந்தாரா?"

"முதல்ல தரவக் குடுக்கட்டும். அப்புறம்தான் கிளப்பணும்."

ஓராண்டுத் தரவு வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. பிறகு விடுவிப்புக் கட்டளையை அனுப்பினார். அதைக் கேட்டால் கருவி தன் எடைக்கல்லை உதறிவிட்டு மிதந்து எழவேண்டும். 'பிடி விட்டது' என்பதற்குரிய மூன்று கூவல்களும் பிசகின்றி வந்தன. எழுகிறதென்றால் பதில் வரும் நேரம் குறைய வேண்டும். விசாரித்தார். ஐந்தரை. கால் மணி கழித்து மீண்டும் விசாரித்தார். ஐந்தரை.

"கிளம்பிட்டாரா?"

"கிளம்பிட்டேன்னு சொல்றாரு. நகரல."

சரிவிலிருந்து வழிந்த சேறு அதைக் கழுத்தளவு மூடியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். செய்தி கேட்ட அலுவலகம், அது பேசுகிற வரைக்கும் கேட்போம் என்று ஒரே வரியில் பதில் எழுதியது. மின்கலங்கள் இன்னும் ஆறாண்டு தாங்கும். இரட்டிப்பாக வைத்தவர் அவர்தான்.

"வீட்டுல என்ன சொல்லப் போறீங்க?" என்றார் எஞ்சின்காரர், இம்முறை சிரிக்காமல்.

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. அந்தப் பயணத்தில் கடைசியாக அதை விசாரித்தது 2024 மார்ச் 14, மாலை நான்கு பத்துக்கு. பதில் ஐந்தரை விநாடியில் வந்தது.