கட்டன் கேட்ட நர்ஸ்

வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்க்கும் நர்சுக்குப் புண் கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, சாயா குடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பாறசாலைப் பக்கத்துப் பஞ்சாயத்துகளில் நான் இந்த இரண்டையும் வருஷக்கணக்காகச் செய்து வருகிறேன். சாப்பிட்டு எழுந்ததும் யாரும் பார்க்காமல் சுடிதார் நாடாவைத் தளர்த்துகிறவர்களே, இதை உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

கட்டில் மட்டம்

காலையில் சரியாகப் பூட்டிய யூனிபார்ம் கோட்டின் பட்டன், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூச்சு முட்டும். சாயங்காலத்துக்குள் வயிறு தட்டினால் சத்தம் கேட்கிற மாதிரி ஆகிவிடும். நின்றுகொண்டு பேசுகிறவர்களிடம் கோட்டையும் பையையும் வைத்து மறைத்துவிடலாம். கிடக்கிறவர்களிடம் முடியாது. அவர்கள் கண்ணுக்கு நேராக வருவது நர்சின் முகம் அல்ல, வயிறுதான்.

அதியன்னூரில் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் ரெஜினா அக்காவுக்குப் பிரஷர் பார்க்கக் குனிந்தேன். குனிய முடியாமல் நிமிர்ந்தேன். மறுபடியும் குனிந்தேன். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்கா, ஒனக்கும் சொகமில்லண்ணு தோணுது. எனக்க கட்டிலில அந்தப் பக்கம் எடம் உண்டு. வந்து கெட."

மரச்சீனிக்குத் தண்டனை

எங்கள் ஊரில் வயிறு ஊதினால் முதலில் மாட்டுவது மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்குதான். நானும் அதையே குற்றவாளியாக்கினேன். மரச்சீனியும் சாளை மீன் கறியும் இல்லாத சனிக்கிழமையை நீங்கள் கற்பனை செய்ய முடிந்தால் என் துக்கம் புரியும். அடுத்து பயறை நிறுத்தினேன். பிறகு முட்டைக்கோசை. ஜீரக வெள்ளம், ஓமத் தண்ணீர், கேஸ் மாத்திரை எல்லாம் உள்ளே போயின. வயிறு அசையவில்லை.

என் வீட்டுக்காரர் ஜாண்சன் ஆட்டோ ஓட்டுகிறவர். என் பங்கு மரச்சீனி வீணாகப் போகக் கூடாது என்று அவரே தின்று தீர்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டே சொன்னார்: "நீ பத்தியம் இருந்து குறைஞ்சது ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் கூடியிருக்கு."

ஸ்கேன் அறை

இனி சிரிக்காத பகுதி. வயிறு ஊதுகிறது, கேஸாக இருக்கும் என்று மாத்திரை வாங்கித் தின்றே நாளைக் கடத்தி, கடைசியில் கேன்சர் முற்றி என் கைக்கு வந்து சேர்ந்த பெண்கள் உண்டு. அவர்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன், தலை வாரிவிட்டிருக்கிறேன். அதனால் என் வயிறு ஊதியபோது எனக்கு மற்றவர்களைவிட அதிகம் தெரிந்திருந்தது. பயந்தேன். பிறத்தியாரை "உடனே போய்க் காட்டுங்க" என்று விரட்டுகிற நான், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித் தாண்டிப் போனேன்.

கடைசியில், வீட்டில் கிடக்கிற நோயாளிகளைப் பார்க்கும் எங்கள் யூனிட்டின் டாக்டரம்மாவே பிடித்து ஸ்கேனுக்கு அனுப்பினார். இரத்தப் பரிசோதனையும் பார்த்தார். கெட்டது எதுவும் இல்லை. நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு அவர் என்னென்ன சாப்பிடுவாய் என்று கேட்க, இட்லி முதல் ராத்திரிக் கஞ்சி வரை ஒப்பித்தேன். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஸ்கேன் படத்தை உறையில் போட்டுக் கையில் கொடுத்தார்: "சிஸ்டரே, இதில அழறதுக்கு ஒண்ணும் இல்ல. வெறும் காற்றுதான். அது எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிப்போம்."

டாக்டர் வண்டியில் வந்த நாள்

மாதத்தில் ஒரு தடவை டாக்டரம்மாவும் எங்களோடு வீடுகளுக்கு வருவார். அன்றைக்கு முதல் வீட்டில் சாயா வந்தது. அவர் அல்சர் என்று சொல்லித் தப்பித்தார். நான் குடித்தேன். அவருக்குப் போட்டதை என்ன செய்வது என்று வீட்டுக்காரி முழித்தாள். அதையும் நான் குடித்தேன். பூவார் போய்ச் சேர்வதற்குள் எல்லா வீட்டிலும் இதே கதைதான். நல்ல கொழுத்த பால், கேட்காமலே இரண்டு கரண்டி சர்க்கரை.

வண்டியில் ஏறியதும் டாக்டரம்மா, "தின்னது எல்லாம் சொன்னீங்க, இதை ஏன் சொல்லவே இல்ல?" என்றார். சாயாவைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வயது ஏற ஏறச் சிலருக்குப் பால் செரிக்காது, நிறுத்திப் பாருங்கள் என்றார். வீடுகளில் வேண்டாம் என்று சொல்ல என்ன கஷ்டம் என்றும் கேட்டார். வடக்கேயிருந்து வந்தவர், அவருக்குத் தெரியாது. முன்னால் இருந்த டிரைவர் பிஜு திரும்பாமலே பதில் சொன்னான்: "மேடம், சொகமில்லாத வீட்டில சாயா வேண்டாண்ணு சொன்னா, நம்மளுக்கு அருவருப்பு, அறைப்புண்ணு அர்த்தமாக்கும்."

வேண்டாம் என்ற வீடு

பாலை நிறுத்தியதும் வயிறு இறங்கத் தொடங்கியது. ஜாண்சனின் வருத்தத்துக்கிடையே மரச்சீனி என் தட்டுக்குத் திரும்பியது. ஆனால் தங்கராஜ் அண்ணன் வீட்டில் மாட்டிக்கொண்டேன். லாரி ஓட்டிய மனிதர். நுரையீரலில் கேன்சர், முதுகில் படுக்கைப் புண். புண்ணைக் கட்டி முடித்ததும் அவர் மனைவி செலின் வழக்கம்போல் சாயா கொண்டு வந்தாள். வேண்டாம் என்றேன். காரணம் சொல்ல வெட்கம். அவள் டம்ளரை உள்ளே கொண்டு போனாள்.

அண்ணன் கண்ணை ஃபேன் பக்கம் திருப்பிக்கொண்டார். மெதுவாகச் சொன்னார்: "நாற்றம் உண்டு சிஸ்டரே, எனக்குத் தெரியும். அடுத்த மட்டம் நீங்க வரும்ப ஜன்னல தொறந்து வைக்கச் சொல்லுதேன்."

கட்டன்

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. அடுத்த முறை படியேறும்போதே, "செலினே, எனக்கு ஒரு கட்டன் போடு" என்றேன். பாலில்லாத சாயா, அவர்கள் கௌரவமும் கெடாது, வயிறும் கெடாது என்று என் நினைப்பு. செலின் முகம் கறுத்துவிட்டது. "அடுப்பில பால் இருக்கு சிஸ்டரே," என்றாள். "கட்டன் கொடுக்கதுக்கு இஞ்ச இன்னும் ஒண்ணும் ஆவல்ல."

அப்போதுதான் உறைத்தது. இங்கே சாவு வீட்டில் வந்தவர்களுக்குக் கொடுப்பது கட்டன். கிடக்கிறவர் காதுபடவே அதைக் கேட்டிருக்கிறேன். வேறு வழியில்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பட்டன், மரச்சீனி, ஸ்கேன், அழுகை, பால் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். புண் நாறியதால் இல்லை அண்ணே என்றும் சொன்னேன். தங்கராஜ் அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் தாங்கிப் பிடித்து, அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார்: "செலினே, ரெண்டு கட்டன் எடு. எனக்க சாவுக்கு ஊரெல்லாம் குடிக்கும், எனக்கு மட்டும் கிட்டாது. நான் இப்பவே சிஸ்டர் கூட இருந்து குடிச்சிடுதேன்."

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், என் வயிற்றுக் கதையை நான் சொல்லி முடிக்கும்வரை நோயாளிதான் பொறுமையாகக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது.