எக்ஸ்போசிதோ வீட்டுச் சம்பந்தம்

என் மகள் மணம் முடித்தவரின் குடும்பப் பெயர் எக்ஸ்போசிதோ. இதில் வேறு எவருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. அது என் கணவர் போட்ட நிபந்தனை. இந்த ஒன்றை மட்டும் எழுதலாம் என்றார். ஸ்பெயினில் அது ஊருக்கு ஊர் கிடக்கிறதாம், அதை வைத்து எங்கள் சம்பந்தி வீட்டை ஒருவரும் கண்டுபிடிக்க முடியாதாம்.

நாங்கள் இருப்பது ஹேர்னிங் என்ற டேனிஷ் ஊரில். என் கணவர் துணித் தொழிற்சாலையில் தொடங்கி இப்போது ஒரு தளபாடக் கிடங்கில் வேலை செய்கிறார். நான் முதியோர் இல்லத்தில். மகள் படித்து முடித்து எஸ்பியர்க்கில் காற்றாலை வேலைக்குப் போனாள், அங்கேதான் அந்தப் பொடியனைச் சந்தித்தாள். ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது டேனிஷில் சொன்னாள், நாங்கள் கலியாணம் முடிக்கப்போகிறோம், நான் அவனுடைய பெயரை எடுக்கப்போகிறேன் என்று. சண்டை வரும் என்று தெரிந்த விஷயங்களை அவள் எப்போதும் டேனிஷில்தான் சொல்லுவாள்.

முதல் பாதிக்கு என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அவர் கொஞ்சக் காலமாகவே மனதைத் தயார்பண்ணி வைத்திருந்தார். இரண்டாவது பாதிக்குத்தான் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்கடை பேருக்கு என்ன குறை?"

அவள் கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு சம்பந்தம் வந்தால் எங்கள் ஆட்கள் விசாரிப்பார்கள். மாப்பிள்ளை வெள்ளைக்காரனாக இருந்தாலும் கறுப்பனாக இருந்தாலும் விசாரிப்பு விசாரிப்புத்தான். ஆற்றை பிள்ளை, எந்த ஊர், எந்தப் பகுதி. "எந்தப் பகுதி" என்பது கிழக்கா மேற்கா என்ற கேள்வி இல்லை என்பது எங்களில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் குடும்பத்தில் இந்த இலாகா மச்சாளுடையது. மச்சாள் என் கணவரின் அக்கா, பிரெடெரிசியாவில் இருக்கிறா. பெந்தகோஸ்து சபைக்குப் போகிறவ. ஆண்டவர் முன்னால் எல்லோரும் ஒன்று என்று வாரம் தவறாமல் பாடுவா. கலியாணப் பேச்சு வந்தால் மட்டும் ஆண்டவரைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லிவிடுவா.

மச்சாள் எஸ்பியர்க்கில் இருக்கிற தெரிந்தவர்களுக்குத் தொலைபேசி எடுத்தா. அங்கே அதே பெயரில் ஒரு சமையல்காரன் இருப்பதாகவும், அவன் பெரிய குடிகாரன், இரண்டு மனைவிமார் விட்டுவிட்டுப் போனார்கள் என்றும் செய்தி வந்தது. உடனே முடிவு கட்டியாயிற்று. அவனும் இவர்களும் ஒரே வேர். அந்த ஆளுக்கும் இவர்களுக்கும் ஒரு உறவும் இல்லை என்று மகள் சொல்லிப் பார்த்தாள்.

"ஒரே பேர், ஒரே நாடு, இஞ்சை வந்தும் ஒரே ஊர். பிறகு உறவில்லையாம்! ஆருக்குக் காது குத்துறாள்?" என்று மச்சாள் என்னிடம் கேட்டா.

எங்கள் மூளை அப்படித்தான் ஓடும். ஒரு பெயரைக் கேட்டால் உடனே அதைப் பிடித்துக்கொண்டு ஊருக்கும் வளவுக்கும் போய்விடுவோம். ஸ்பெயினுக்கும் அதே வழியால் போகலாம் என்று நினைத்தோம்.

அடுத்த கிழமை வேலையில் மதியச் சாப்பாட்டு நேரம் மச்சாளின் அழைப்பு வந்தது. குரலில் ஒரு வெற்றி இருந்தது.

"அந்தப் பேரைப் போனிலை போட்டுப் பாத்தன். என்னெண்டு தெரியுமே? அநாதைப் பிள்ளையளுக்கு வைக்கிற பேராம். தாய் தேப்பன் தெருவிலை போட்டிட்டுப் போன பிள்ளையள். ஆற்றை பிள்ளை எண்டு கேட்டனே, ஆற்றை பிள்ளையும் இல்லையாம்!"

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தேன். அந்தப் பெயருக்காக இல்லை. மச்சாளுக்கு அது தெரிந்துவிட்டதே என்பதற்காக. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை பொடியனின் தகப்பன் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. மச்சாளும் வருவதாக இருந்தது.

அன்று பின்னேரம் எஸ்பியர்க்கிலிருந்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்த மகளைக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பழகத் தொடங்கிய முதல் கிழமையே பொடியன் சொல்லியிருக்கிறான். முன்னொரு காலத்தில் வளர்க்க முடியாத குழந்தைகளைத் தேவாலய வாசலிலும் கன்னியாஸ்திரிகளின் மடத்திலும் விட்டுவிட்டுப் போவார்களாம். வெளியே வைக்கப்பட்ட பிள்ளை என்ற பொருளில் அந்தக் குழந்தைகளுக்கு இந்தப் பெயரைக் கொடுப்பார்களாம். அந்தந்த ஊரில் அந்தந்த மடத்தில் அப்படிக் கொடுத்தபடியால் பெயர் நாடு முழுக்கப் பரவி, கப்பலேறித் தென்னமெரிக்காவுக்கும் போயிருக்கிறது. பிற்காலத்தில், விரும்பினால் இந்தப் பெயரை மாற்றலாம் என்று சட்டமும் வந்ததாம். சிலர் மாற்றினார்கள், நிறையப்பேர் மாற்றவில்லை.

"அதாலைதான் அந்தக் குக் இவையின்ரை சொந்தம் இல்லை அம்மா," என்றாள். "ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பிள்ளையிலை இருந்து தொடங்குது. அந்தப் பிள்ளைக்கு முன்னாலை ஒண்டும் இல்லை."

பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை மாமி அந்த மனிசனை இதைப் பற்றி ஒரு சொல் இளக்காரமாக் கேட்டால், நான் அவையோடை எழும்பிப் போயிடுவன். பிறகு இந்த வீட்டுக்கு வரமாட்டன்."

இதை அவள் தமிழில் சொன்னாள். டேனிஷில் சொல்லியிருந்தால் சண்டை என்று எடுத்திருப்பேன். தமிழில் சொன்னால் அவள் தீர்மானித்துவிட்டாள் என்று அர்த்தம்.

கணவரிடம் போய், அக்காவை வரவேண்டாம் என்று சொல்லுங்கோ என்றேன். முடியாது என்றார். தாய் போன பிறகு அவரை வளர்த்தது அக்காதான், அக்கா இல்லாமல் சம்பந்தம் கதைக்கிறதோ என்றார். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"எங்கடை பேரை விட்டிட்டு அவள் போய் ஒரு அநாதைப் பேரை எடுக்கிறதோ?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"எங்கடை பேரோ?" என்றேன். "எங்கடை பேரோ அது? நெஞ்சிலை கைவைச்சுச் சொல்லுங்கோ பாப்பம்."

அவர் உடனே மகளின் அறைக் கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனுடைய பெயரை முன்னால் வைப்போம், அவ்வளவுதான். இங்கே வந்த பிறகு அந்தத் தகப்பன் பெயரே மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராகிவிட்டது. என் மகளும் தன் பெயருக்குப் பின்னால் இருப்பது அப்பப்பாவின் பெயர் என்றே நம்பி வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னாள், அப்பப்பாவைப் பற்றிக் கட்டுரையும் எழுதினாள். ஆனால் அது அப்பப்பாவின் பெயர் இல்லை. ஊரில் சண்டை நடந்த காலத்தில் என் கணவர் புறப்பட்டபோது, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கையில் ஒரு கடவுச்சீட்டைக் கொடுத்திருக்கிறான். யாரோ ஒருவனுடையது. இங்கே இறங்கியதும் பொலிஸ் பெயரைக் கேட்டபோது, பயத்தில், வழி முழுக்கப் பாடமாக்கிய அந்தப் பெயரையே சொல்லிவிட்டார். அதிலேயே வதிவிட அனுமதி வந்தது. திருத்தப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். பிறகு நான் வந்தேன். பிறகு மகள் பிறந்தாள், வீடு வாங்கினோம், குடியுரிமை வந்தது. ஒவ்வொன்றும் அந்தப் பயத்தின் மேல் இன்னொரு கல்லை ஏற்றியது.

இது எனக்கும் அவருக்கும் மச்சாளுக்கும் மட்டும் தெரியும். அப்படியிருக்க, அந்த மச்சாள் இன்னொருவனுடைய பெயரைக் கிண்டிப் பார்க்கிறா. எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆட்டிறைச்சிக் கறி, பிட்டு, கட்லட் என்று நான் மேசையை நிரப்பினேன். வாய் நிறைந்திருந்தால் கேள்வி வராது என்பது என் கணக்கு. மச்சாள் பட்டுச்சேலையில் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தா. பொடியனின் தகப்பன் ஒல்லியான மனிதர். மனைவி இறந்து சில வருடங்கள். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கழுத்துப்பட்டி கட்டி, ஒரு பெரிய தகரம் ஒலிவ் எண்ணெயை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய டேனிஷும் எங்களுடையது போல நொண்டி டேனிஷ்தான். வேறு நேரமாக இருந்தால் அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்திருக்கும். அன்று ஒன்றையும் இரசிக்கிற நிலையில் நான் இல்லை.

மச்சாள் வாயைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் நான் கட்லட் தட்டை நீட்டினேன். மகள் சாப்பிடவே இல்லை. அவளுடைய கைப்பை கதிரையின் காலடியிலேயே இருந்தது, வழக்கம்போல வாசலில் தொங்கவிடவில்லை. அதை நான் பார்த்தேன். அவள் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

கடைசியில் மச்சாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு டேனிஷில் கேட்டா.

"உங்கள் குடும்பம் என்ன குடும்பம்? உங்கள் பெயரைப் பற்றிப் படித்தேன்."

மகள் குனிந்து கைப்பையை எடுத்தாள். பொடியனின் முகம் சிவந்தது. நான் மேசைக்குக் கீழே என் கணவரின் காலை மிதித்தேன். ஏதாவது சொல்லட்டும், பேச்சை மாற்றட்டும் என்று. அவர் பிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த மனிதர் கோபப்படவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டார்.

"படித்தீர்களா? நல்லது. அப்படியென்றால் நான் குறைவாகச் சொன்னால் போதும்," என்றார். "என் தாத்தாவின் தாத்தாவை ஒரு மடத்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். குளிர்காலம். யார் வைத்தது என்று தெரியாது. எங்கள் குடும்பம் அங்கேதான் தொடங்குகிறது."

"மாற்றலாம் என்று சட்டம் வந்ததாமே?" என்றா மச்சாள். விடுகிற ஆள் இல்லை.

"வந்தது. ஊரில் பலர் மாற்றினார்கள். என் தாத்தா மாட்டேன் என்றார். விட்டுவிட்டுப் போனவர்கள் பிள்ளைக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை, எடுத்து உள்ளே கொண்டுபோனவர்கள் வைத்த பெயர் இது, அதை நான் எதற்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாராம்."

பிறகு அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். உபசாரத்துக்காகக் கேட்ட கேள்விதான், வேறொன்றும் இல்லை.

"உங்கள் பெயர் யாருடையது?"

என் கை கறிச் சட்டியின் மேல் நின்றுவிட்டது. மச்சாள் முந்திக்கொண்டு, "எங்கள் அப்பாவுடையது," என்றா. உடனே தமிழில், "நீ சாப்பிடு தம்பி, வாயைத் திறக்காதை," என்றா. அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது, அவவுடைய விசாரிப்பு எல்லாம் இந்தக் கேள்வி எங்கள் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்ற பயத்திலிருந்தும் வந்ததென்று. கோபம் போகவில்லை, ஆனால் பாவமாகவும் இருந்தது.

என் கணவர் தலையை நிமிர்த்தினார்.

"இல்லை," என்றார் டேனிஷில். "என் அப்பாவுடையது இல்லை. எனக்குத் தெரியாத ஒரு மனிதனுடையது. அவனுடைய பாஸ்போட்டில் நான் வந்தேன்."

அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார், துறைமுகத்தில் வேலை செய்தவன் நான், பாஸ்போட்டுகளைப் பற்றி வெளியே கதைக்கிற பழக்கம் எனக்கு இல்லை என்று.

மகள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தகப்பனையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவளுடைய கண் நிறைந்திருந்தது.

"அப்ப அப்பப்பான்ரை பேர் என்ன?" என்று தமிழில் கேட்டாள்.

அவர் சொன்னார். எங்கள் வீட்டுக்குள் அந்தப் பெயர் அவர் வாயால் வந்து நான் கேட்டது அன்றுதான். மகள் அதைத் திருப்பிச் சொன்னாள், பாதியில் தடக்கியது. திரும்பவும் சொல்லச் சொன்னாள். அவர் திரும்பவும் சொன்னார், பிறகு அழத் தொடங்கினார். மச்சாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா.

மகள் எழும்பினாள். போகப்போகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் மேசையைச் சுற்றி வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்களும் மாத்துங்கோவன். அப்பப்பான்ரை பேருக்கு. நான் ஒரு வக்கீலைக் கேக்கிறன்."

அவர் தலையாட்டி மறுத்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நீ மாத்து பிள்ளை. இவையின்ரை பேரை எடு, நல்ல பேர். எனக்கு இப்ப கோவம் இல்லை. நான் மாத்தமாட்டன். அந்தப் பொடியன் உயிரோடை இருக்கிறானோ, செத்திட்டானோ, அவன்ரை பாஸ்போட் எப்பிடி ஏஜென்சியின்ரை கையிலை வந்ததெண்டும் தெரியாது. அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பா. ஆரும் எப்பவாவது அவனைத் தேடி வந்தால், பேர் வாசல்லை கிடக்கட்டும்."

மகள் இப்போது எக்ஸ்போசிதோ. நடுப்பெயராக அப்பப்பாவின் பெயரை வைத்துக்கொண்டாள். எங்கள் தபால்பெட்டியில் பழைய எழுத்துகள் மழையில் மங்கிப்போயிருந்தன. கலியாணத்துக்கு ஆட்கள் வருவதற்கு முந்தின கிழமை, என் கணவர் வெளியே போய் அந்தத் தெரியாத மனிதனுடைய பெயருக்குப் புது எழுத்து ஒட்டிவிட்டு வந்தார்.