வெள்ளை விரிப்பு விரித்த நாள்

நான் எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியவன் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன், கொஞ்ச நாளில் வீட்டையும் விட்டேன். வேலை கிடைத்த இடத்தில் சோறு, சோறு கிடைத்த இடத்தில் தூக்கம். அப்படித்தான் வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், பூந்தமல்லிப் பக்கம் ரோட்டுக்குச் சரளைக்கல் கொட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

கல் ஏற்றி வரும் மாட்டு வண்டிகளில் ஒன்று பூந்தமல்லியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் வண்டிக்காரருடையது. நாங்கள் எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். மழை வந்தால் அவர் வண்டிக்கு அடியில் படுப்பேன். அவருடைய பெண்சாதி கொடுத்தனுப்பும் சோற்றில் எனக்கும் ஒரு கை எடுத்து வைப்பார். ஒருநாள் நூம்பல் திருப்பத்தில் மாடு மிரண்டு, பாரம் ஏற்றிய சக்கரம் அவருடைய வலது பாதத்தில் ஏறி இறங்கிவிட்டது. கல்லைக் கீழே தள்ளிவிட்டு, அதே வண்டியில் அவரைப் போட்டு, ரோட்டோரம் இருந்த சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இன்று அந்தக் கட்டிடம் இல்லை.

முதல் நாள் கழுவிக் கட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டை யாரும் அவிழ்க்கவில்லை. டாக்டர் பட்டணத்தில் குடியிருந்தார். வாரத்தில் சில நாள் வந்து வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரம் எல்லாமே கம்பவுண்டர்தான். பாயின் கால் முழங்கால் வரை வீங்கியது. ஜுரம் வந்தது. கட்டு நாறத் தொடங்கியது.

பாய்க்கு வலியைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. "வலிச்சா வலிக்கட்டும் நைனா. காலை எடுத்துட்டாங்கன்னா நான் வண்டில எப்டி ஏறுவேன்? மாடு என்னை மதிக்குமா?" என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டார்.

அவர் பெண்சாதி கம்பவுண்டரை மறித்துக் கேட்டார். "அய்யா, கட்டு நாறுது. அவுத்துப் பாருங்க."

"பின்ன இன்னா, மல்லிப்பூ மாதிரி மணக்குமா?"

"பூவுக்கு வந்தவ இல்ல நான். காலுக்கு வந்தவ."

"துணி இல்லம்மா. வந்தா கட்றேன், போ."

ஒரு காலையில் நான் போனபோது ஆஸ்பத்திரியே வேறாக இருந்தது. தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். பூட்டியிருந்த பீரோவிலிருந்து வெள்ளை விரிப்புகள் வெளியே வந்திருந்தன. அப்படி ஒன்று அங்கே இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஜில்லா டாக்டரான வெள்ளைக்காரத் துரை பார்வையிட வருகிறாராம்.

விரிப்பு விரிக்கும் முன் நோயாளிகளைப் பிரித்தார்கள். காட்டத் தகுந்தவர்கள், காட்டத் தகாதவர்கள். முனகுகிறவர்கள், இருமுகிறவர்கள், நாறுகிறவர்கள் எல்லாரும் பின்பக்கம் கிணற்றடிப் புங்கமரத்துக்கு. பாயை வார்டு ஆள்தான் தூக்கிக்கொண்டு போனான். நல்லவன்தான். நிழலாகப் பார்த்து இறக்கினான், ஒரு குவளைத் தண்ணீரும் வைத்தான். ஆனால் இறக்கினான்.

கட்டில்கள் காலியாக இருக்கவும் கூடாது. காலியாக இருந்தால் ஆள் வருவதில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரிக் கட்டில்களைக் குறைத்துவிடுவார்கள். அதற்கும் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அக்கம்பக்கத்தில் திடமான ஆட்களைக் குளித்துவிட்டு வரச்சொல்லிப் படுக்க வைப்பார்கள். கூலி, ரொட்டியும் பாலும். வார்டு ஆள் என்னிடம் வந்தான்.

"குளிச்சுட்டு வந்து பாய் கட்டில்ல படு. துரை போனதும் எயுந்துக்கலாம்."

நான் மரத்தடிக்குப் போய்ச் சொன்னேன். பாய் பாதி மயக்கத்தில் இருந்தார். அவர் பெண்சாதி ஈயை விரட்டிக்கொண்டே யோசித்தார்.

"போய்ப் படு. அது எங்க கட்டிலு. வேற எவனாவது ஏறிட்டான்னா அப்பறம் எறங்க மாட்டான். உடாதே."

கிணற்றில் இறைத்துக் குளித்துவிட்டுப் படுத்தேன். ரொட்டியையும் தின்றேன், பசி. பக்கத்துக் கட்டிலில் வார்டு ஆளின் மச்சான். எருமை மாதிரி உடம்பு.

"எனக்கு இந்த வாட்டி இன்னா நோவு மாமே?" என்று கேட்டான்.

"வயித்துக் கடுப்பு. போன வாட்டியும் அதான். மறந்துடாதே."

"ரொட்டி துன்னு நெசமாவே கடுப்பு வந்துச்சின்னா?"

"நெசமா வந்தா மரத்தடிக்குப் போவணும் மச்சான்."

துரை வந்தார். பட்டணத்து டாக்டர் கூடவே வந்து, கேள்வியைத் தமிழிலும் பதிலை இங்கிலீஷிலும் சொல்லிக்கொண்டு நடந்தார். என்னிடம் வந்து, "இப்போ எப்படி இருக்கு?" என்றார்.

"எனக்கு ஒன்னும் இல்லீங்க. நான் ரோட்டுல கல்லு கொட்றவன். காலு நசுங்குனவரு பின்னாடி கிணத்தண்ட கெடக்கறாரு. இது அவரு கட்டிலு."

டாக்டர் முகம் மாறவில்லை. துரையிடம் ஏதோ சுருக்கமாகச் சொன்னார். அதில் 'பெட்டர்' என்ற ஒரு வார்த்தை எனக்குப் புரிந்தது. துரை 'குட்' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வாயால் சொல்லிப் பயன் இல்லை என்று அப்போது தெரிந்தது. எழுந்து பின்கதவு வழியாக ஓடினேன். பாயைத் தோளில் தூக்கினேன். உடம்பு கொதித்தது.

"எங்கடா தூக்கினு போறே?"

"உங்க கட்டிலுக்கு, பாய்."

கம்பவுண்டர் பின்கதவில் கையை விரித்து நின்றார். "டேய், நில்லுடா! அறிவு கீதா உனக்கு?"

முன்னால் நடந்த பாயின் பெண்சாதி நிற்கவில்லை. "நவுரு நைனா. கட்டு சொட்டுது. உன் வெள்ளைச் சட்டை பாழாப்பூடும்."

கம்பவுண்டர் சட்டையைப் பார்த்தார். நகர்ந்தார்.

வெள்ளை விரிப்பின்மேல் பாயைக் கிடத்தினேன். மஞ்சளும் சிவப்புமாகக் கறை பரவியது. துரை திரும்பிப் பார்த்துக் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். அந்த நாற்றத்தை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. அவர் கையைக் காட்ட, கம்பவுண்டர் கட்டை அவிழ்த்தார். உள்ளே புழு நெளிந்தது. மச்சான் தன் கட்டிலிலிருந்து இறங்கி மெல்ல வெளியே போய்விட்டான்.

"கட்டுப் போடற லிண்ட் துணி ஸ்டாக் இல்லை சார்" என்று கம்பவுண்டர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

அது பொய் இல்லை. துணி வந்து எத்தனையோ மாதமாகியிருந்தது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அதுதான். துணி இல்லை என்பதற்குச் சாட்சி அந்தக் கால்தான். அந்த மாதிரிச் சாட்சிகளையே ஒவ்வொரு முறையும் கிணற்றடிக்கு அனுப்பினார் கம்பவுண்டர். கேட்டு வாங்க வேண்டிய மனிதர், கேள்வி தன்மேல் வந்துவிடுமோ என்று பயந்து, இல்லாததை மறைத்துக்கொண்டே இருந்தார். துரையையும் நான் புகழ மாட்டேன். ஒரே ஆள் ஒரே வயிற்றுக் கடுப்போடு ஒவ்வொரு முறையும் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு 'குட்' சொன்னவர் அவர்தான். பின்கதவைத் திறந்து பார்க்க அவருக்கு என்ன தடை? நான் தூக்கி வந்து போட்ட பிறகு எல்லாருக்கும் கண் தெரிந்தது.

அன்று சாயந்திரமே பட்டணத்திலிருந்து துணி வந்தது. ஆக, துணி எங்கேயோ இருந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பாய்க்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

என்னைக் கம்பவுண்டர் ஒரு கான்ஸ்டபிளை வைத்து வெளியே தள்ளினார். "இனிமே இந்தக் கேட்டுக்குள்ள காலை வெச்சே, ஸ்டேஷன்தான்."

"உள்ள வரல சார். வெளியில குந்துனா?"

அவர் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனார். கேட்டுக்கு எதிரே குந்தினேன். பாய் தடியூன்றி வெளியே நடந்து வரும்வரை ஊரை விட்டுப் போவதில்லை என்று இருந்தேன். வேலை முடிந்ததும் அங்கே வந்துவிடுவேன். மாங்காட்டிலிருந்து, திருநின்றவூரிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ நோயாளிகளை வண்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று சொல்வேன். "படுத்தப்பறம் எறங்கச் சொன்னா எறங்காதீங்க. துரை வந்தாலும் சரி, கவர்னர் வந்தாலும் சரி." சிலர் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். சிலர் நின்று கேட்டார்கள்.

பாய் எழுந்து நடக்கத் தொடங்கிய சமயம், மறுபடி ஒரு காலையில் பினாயில் வாசம் ரோடு வரை வந்தது. வார்டு ஆள் பீடி பற்றவைக்க வெளியே வந்தான். என்னைப் பார்க்காமலே பேசினான்.

"இன்னாத்தடா சொல்லி உட்டே? ஒருத்தரும் கட்டிலை உட்டு எறங்க மாட்டேங்கறாங்க. அய்யா கத்தினு கீறாரு."

நான் எழுந்து கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தேன். கம்பவுண்டர் கத்துவது கேட்டது. அது அடங்கியதும், யாரோ ஒரு பெண்பிள்ளை இருமலுக்கு நடுவே பதில் சொன்னாள்.

"முடியாதுய்யா. உன் துரை வந்து பாக்கட்டும்."